கோழிக்குஞ்சும் மூளைக் கொழுப்பும்: ஹென்ரிக் டாம் சரிதம்

படைத்தலைவர்களின் பிறந்த தினங்களைத் தவறாது நினைவுகூரும் நாம், பச்சிளஞ் சிசுவின் ரத்தம் நில்லாது ஒழுகுவதைத் தடுக்க வழிகண்ட மனிதரின் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். அவர் டென்மார்க் தேசத்து ரசாயன சாஸ்திரியான ஹென்ரிக் டாம். 1895ம் வருஷம் பிப்ரவரி 21ந் தேதி கோபன்ஹேகன் நகரில், மருந்துக் கடைக்காரர் ஒருவரின் குமாரராய்ப் பிறந்தார். 1920ல் அந்நகரத்துப் பாலிடெக்னிக் கலாசாலையில் தேர்ச்சி பெற்றார்.

கொலெஸ்டிரால் என்னும் கொழுப்பினப் பொருளைக் கோழிக்குஞ்சு தன் உடலிலேயே ஆக்கிக் கொள்கிறதா, தீனியிலிருந்தே பெறுகிறதா என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. கொழுப்பை அறவே நீக்கிய தீனியைக் குஞ்சுகளுக்கு இட்டுப் பார்த்து, அவை தாமே ஆக்கிக் கொள்கின்றன என்ற விடையையும் கண்டார். வேறொருவராயின் அத்துடன் கணக்கை முடித்திருப்பர். ஆனால் இரண்டு மூன்று வாரங்களில் சில குஞ்சுகளுக்குத் தோலின் கீழும் தசையிலும் ரத்தம் கசிந்தது. எடுத்த ரத்தமோ உறையத் தாமதித்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லாத இந்தச் சங்கதியை டாம் விடவில்லை. ஸ்கர்வி நோயோ என்று ஐயுற்று 'சி' வைட்டமின் கொடுத்தார், பலனில்லை. கொலெஸ்டிராலைத் திரும்பச் சேர்த்தும் பலனில்லை. பச்சிலையும் பன்றி ஈரலும் குணப்படுத்தின. ஆகவே, கொழுப்புடன் சேர்ந்து வெளியேறிவிட்ட வேறொரு சத்து உண்டென்று நிச்சயித்து, ரத்தம் உறைதலைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு, 1935ல் அதற்கு 'கே' வைட்டமின் என்று நாமகரணம் செய்தார். 1939ல் ஸூரிக் நகரத்துப் பேராசிரியர் கார்ரருடன் கூடிக் குதிரைமசால் தழையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அதே சமயத்தில் அமெரிக்கரான டாய்சியும் அவ்வேலையில் வெற்றி கண்டார்.

பித்தநீர் குடலில் இறங்காத காமாலைக்காரருக்கு இந்தச் சத்து உடலில் சேராது. ரணசிகிச்சை செய்தால் ரத்தப்பெருக்கே யமனாகும். பிறந்த குழந்தைக்கும் இச்சத்து மிகவும் குறைவு. இவ்விரு சாராருக்கும் டாமின் கண்டுபிடிப்பு உயிர்ப்பிச்சை அளித்தது.

1940ம் வருஷம் ஏப்ரல் 9ந் தேதி ஹிட்லரின் சேனை டென்மார்க்கில் புகுந்தது. அவ்வருஷமே பிரசங்கங்கள் நிகழ்த்த அமெரிக்கா சென்ற டாம், யுத்தம் முடியும்வரை அங்கேயே ஆராய்ச்சி செய்து வந்தார். அந்நியர் பிடியிலிருந்த கோபன்ஹேகனில், 1941ல், அவர் படித்த கலாசாலை, அவர் ஊரில் இல்லாமலே அவரைப் பேராசிரியராக நியமித்தது. வராதவருக்காக நாற்காலி போட்டு வைத்த அந்தச் சிறு தேசத்தின் நெஞ்சுரத்தை நாம் மெச்சாதிருக்க முடியவில்லை. 1943ம் வருஷத்துக்குரிய நோபெல் பரிசு டாய்சிக்கும் அவருக்கும் சேர்த்து 1944ல் வழங்கப்பட்டது. யுத்தகாலமாதலால் அந்த விழாவும் நியூயார்க்கிலேயே நடந்தது. 1946ல் தாய்நாடு திரும்பினார்.

இட்ட பெயரே அந்தச் சத்துக்கு ஒரு விலங்காயிற்று என்பது நமது கருத்து. ரத்தத்தை உறையச் செய்வதொன்றே அதன் தொழில் என்று வைத்தியர்கள் நெடுங்காலம் எண்ணினர். மூளையிலோ ஸ்பிங்கோலிபிட் என்னும் கொழுப்பினம் ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே லண்டனில் மூளைகளைப் பகுத்தாராய்ந்த தூடிகும் என்பவர், புதிர் போடும் ஸ்பிங்க்ஸ் என்ற புராணப் பிராணியை நினைந்து இட்ட பெயரிலிருந்து வந்தது அது. நரம்பிழைகளின் மேலுறை ஆவதற்கு இவ்வினம் இன்றியமையாதது. டாம் 1976ம் வருஷம் ஏப்ரல் மாதம் காலமானார். 1988ல், 'கே' வைட்டமினின் வேலையைத் தடுக்கும் வார்பரின் மருந்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தவர்கள், அவற்றின் மூளையில் சல்பட்டைடு முதலிய ஸ்பிங்கோலிபிட்டுகள் உண்டாவது குறைந்ததைக் கண்டனர். கொழுப்பைத் தேடப் போனவருக்கு வழியில் அகப்பட்ட சத்து, மறுபடி கொழுப்பினிடமே வந்து சேர்ந்தது!

எலிக்குக் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிக் கூறல் ஆகாது. முதுமையில் நினைவு தளர்வதற்கும் இச்சத்தின் குறைவுக்கும் தொடர்பு உண்டா என்பது முடிவாகவில்லை. வார்பரின் உண்போர் இதைப் படித்துவிட்டு வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவது பேராபத்து. கீரையில் நாம் உண்ணும் 'கே' வைட்டமினை உடல் வேறொரு வடிவமாக மாற்றி மூளையில் வைத்துக் கொள்கிறது. அம்மாற்றத்தைச் செய்யும் என்ஸைம் இன்னதென்று 2010ல்தான் தெரிய வந்தது.