எண்ணெய்க் கிண்ணம் தந்த எலைஜா மெக்காய்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதினேன். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. என் தந்தையார் லாரிப் பட்டறையில் கிரீஸ் அடிக்கும் தொழிலாளி. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாலும் அவருடைய நகக்கண்ணின் கருமை போகாது. அந்தக் கருமைக்கு வெட்கப்பட்டே அச்சொல்லை மறைத்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்த வெட்கத்தை என்னிடமிருந்து போக்கியவர், நான் கண்டிராத ஒரு மாமனிதர். அவர் வரலாற்றை மாணவ நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள் ஜார்ஜ் மெக்காயும் அவர் மனைவி மில்ட்ரெட்டும். அக்காலத்தில் அடிமைகள் கனடாவுக்குத் தப்பிச்செல்ல உதவிய இரகசிய வழிகளுக்கு நிலத்தடி இரயில்பாதை என்று பெயர். அதில் தண்டவாளமும் இல்லை, வண்டியும் இல்லை. இரவில் அடைக்கலம் தந்த நல்லோர் வீடுகளே நிலையங்கள். அவ்வழியே தப்பிய அத்தம்பதியருக்குக் கனடாவின் ஒன்டாரியோ பகுதியில், கோல்செஸ்டர் என்னும் ஊரில், 1844ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் எலைஜா பிறந்தார்.

பிள்ளைக்கு இயந்திரங்களின்பால் இருந்த ஆர்வத்தைப் பெற்றோர் கண்டனர். பதினைந்து வயதில் அவரைக் கடல்கடந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பி இயந்திரப் பொறியியல் பயிலச் செய்தனர். அடிமைத்தளையை அறுத்து வந்தவர்கள் தம் மகனைப் பொறியாளனாக்கத் துணிந்தார்கள் என்றால், அவர்கள் நெஞ்சுரத்தை என்னென்பது!

கற்றவருக்குக் கிடைத்த வேலை

பயிற்சி முடித்துத் திரும்பிய எலைஜா, மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டி ஊரில் குடியேறியிருந்த குடும்பத்தோடு சேர்ந்தார். 1865இல் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. சட்டம் மாறியது, மனங்கள் மாறவில்லை. பொறியாளர் பணி கறுப்பருக்குத் தரப்படவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வேயில் அவருக்குக் கிடைத்தது, எஞ்சினுக்கு எரிபொருள் அள்ளிப்போடும் ஃபயர்மேன் வேலையும், இயந்திரப் பகுதிகளுக்கு எண்ணெய்விடும் வேலையுமே. படிப்புக்கேற்ற வேலை கிடைக்காத துயரம் நம்மில் பலர் வீட்டிலும் உள்ளதுதானே?

ஆயினும் அவர் கையில் எண்ணெய்க் குவளை இருந்தபோதும் கண்ணில் பொறியாளரின் பார்வையே இருந்தது. உலோகத்தோடு உலோகம் உரசினால் வெப்பம் எழும், தேய்வு வரும், ஈற்றில் இறுகிப்போகும். இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்றால்தான் உராய்வு குறையும். அந்நாளில் வண்டியை அவ்வப்போது நிறுத்தி, ஆள் இறங்கி எண்ணெய்விட வேண்டியிருந்தது. நிறுத்திய நேரமெல்லாம் நட்டம். நிறுத்தாவிட்டால் இயந்திரம் நட்டம்.

எண்ணெய்க் கிண்ணம்

எஞ்சின் தானே தனக்கு எண்ணெய் விட்டுக்கொண்டால் என்ன என்று அவர் சிந்தித்தார். நீராவி உருளையோடு ஓர் எண்ணெய்க் கிண்ணத்தைப் பொருத்தினார். நீராவியின் அழுத்தமே கிண்ணத்தின் வால்வைத் திறந்து எண்ணெயை உள்ளே இறக்கும்படி அமைத்தார். 1872 ஜூலையில் இதற்கு 129843 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இத்துறையில் அவருக்கு முன்னும் முயன்றோர் உண்டு. இங்கிலாந்தின் ஜான் ராம்ஸ்பாட்டம் 1860இலேயே ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும், எண்ணெய்விட்ட கையே எண்ணெய்க் கருவியைப் படைத்தது மெக்காயின் தனிச்சிறப்பு.

அவர் அத்தோடு ஓயவில்லை. மிகைவெப்ப நீராவி கொண்டு ஓடும் பெரிய எஞ்சின்கள் வந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. வெப்பம் ஏற ஏற எண்ணெய் இளகி நீர்த்துவிடும். இதையே பாகுநிலை குறைதல் என்று நாம் படிக்கிறோம். இதற்குத் தீர்வாக எண்ணெயோடு கிராஃபைட் தூளைச் சேர்த்து, அது அடைத்துக்கொள்ளாமல் செல்லும் கருவியை அமைத்து 1915இல் காப்புரிமை பெற்றார். கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டிருப்பதால் ஓர் ஏடு மற்றொன்றின்மேல் எளிதில் வழுக்கும் என்பதை நாம் அறிவோம்.

புகழும் இறுதியும்

வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் ஏறத்தாழ 57. ஆனால் தொழிற்சாலை வைக்க முதல் இல்லாததால் பலவற்றின் உரிமையைப் பிறருக்குக் கொடுக்க நேர்ந்தது. அவர் பெயரிலேயே ஒரு நிறுவனம் டெட்ராய்ட் நகரில் அமைந்தது 1920இல்தான். அப்போது அவருக்கு வயது 76. 1922இல் ஒரு மோட்டார் விபத்தில் அவரும் துணைவியார் மேரியும் படுகாயமுற்றனர். துணைவியார் அதிலிருந்து மீளவில்லை. நலிவுற்ற மெக்காய் 1929 அக்டோபர் 10ஆம் நாள், 85ஆம் வயதில், மருத்துவ விடுதியொன்றில் காலமானார்.

அசல் மெக்காய் என்று ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு. தரமான சரக்கு என்று பொருள். அது இவர் கருவியால் பிறந்தது என்பர் பலர். 1856லேயே ஸ்காட்லாந்தில் இதையொத்த தொடர் வழங்கியதால் அறிஞர்கள் இதில் ஒருமனப்படவில்லை. தொடர் யாருடையதாயினும் ஆகுக. அவருடைய தொண்டு ஐயத்துக்கு இடமற்றது. 2012இல் டெட்ராய்டில் திறக்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை அலுவலகக் கிளைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

என் தந்தையாரின் கை

இவ்வாண்டு நம் ஆய்வகத்தில் ஆமணக்கெண்ணெயில் எஃகுக் குண்டுகளை விழவிட்டுப் பாகுநிலை கண்டோம். வீட்டில் அதை விளக்கினேன். தந்தையார் கேட்டுவிட்டு, பழைய எஞ்சின் ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பார்த்து அது செத்துப்போனதைத் தாம் அறியும் விதத்தைச் சொன்னார். நான் கடிகாரம் கொண்டு அளந்ததை அவர் விரல்கொண்டு அளந்து வந்திருக்கிறார்! ஆயில் டப்பாவில் உள்ள 20டபிள்யூ-40 என்ன என்று என்னைக் கேட்டார். முன் எண் குளிரில் ஓடும் தன்மையையும், பின் எண் எஞ்சின் சூட்டில் நிற்கும் கெட்டியையும் காட்டும் என்றேன். கிரீஸ் என்பது சோப்பு போன்ற பொருளில், பஞ்சில் நீர்போல், எண்ணெய் தங்கி நிற்பது என்றும் சொன்னேன். இத்தனை ஆண்டுகள் கையாண்ட பொருளின் பெயர் விளங்கிற்று என்று மகிழ்ந்தார்.

உதவித்தொகைப் படிவம் இவ்வாண்டும் வந்தது. தந்தையின் தொழில் என்ற இடத்தில், லாரிப் பட்டறையில் கிரீஸ் அடிப்பவர் என்று முழுமையாக எழுதினேன். எண்ணெய்க் கறை இழிவன்று, நண்பர்களே! அந்தக் கறைபடிந்த கைகளே நம்மை இந்த வகுப்பறைக்கு அனுப்பியவை.