காலடியால் மலை அளந்தவர்

இமயமலையில், இன்றைய உத்தராகண்ட மாநிலத்தின் வட எல்லையருகே, மிலம் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரினர் கணவாய்களைக் கடந்து திபெத்தியரோடு வாணிகம் செய்து வந்தனர். அவர்களிடையே 1830ஆம் ஆண்டில் தோன்றியவர் நைன் சிங். பள்ளியாசிரியராய் விளங்கியமையின், பண்டிதர் என்றே அவர் அழைக்கப்பெற்றார்.

அக்காலத்தில் ஆங்கிலேயர் திபெத்தினுள் புகுதல் இயலாது. எல்லைக்கு அப்பால் நிலப்படம் வெறுந்தாளாகக் கிடந்தது. ஆதலின் நில அளவைத் துறையினர், எல்லைப்புற மக்களுக்குப் பயிற்சியளித்து மாறுவேடத்தில் அனுப்பத் துணிந்தனர். 1863இல் நைன் சிங் தேராதூனில் அப்பயிற்சியைத் தொடங்கினார்.

சங்கிலி பிடித்து அளந்தால் உயிர் தப்பாது. எனவே காலடியே அவருக்கு அளவுகோலாயிற்று. ஏற்றமாயினும் இறக்கமாயினும் இரண்டாயிரம் காலடி ஒரு மைலாகுமாறு நடந்து பழகினார். அவர் கையிலிருந்த செபமாலையில் 108 மணிகளுக்கு மாறாக 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒருமுறை சுற்றி வந்தால் ஐந்து மைல்! திபெத்தியர் சுழற்றும் வழிபாட்டுச் சக்கரத்தினுள் மந்திர ஏட்டிற்குப் பதிலாக அவருடைய கணக்குத் தாள்கள் மறைந்திருந்தன. உயரம் மிகுந்தோறும் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். அவ்வெப்பத்தை அளந்து இடத்தின் உயரத்தைக் கணித்தார். இவ்வாறே 1866இல் லாசா நகரை அடைந்தார்.

மறு ஆண்டில் துணைவர் இருவருடன் மேற்குத் திபெத்திற்குச் சென்றார். வழியில் ஊர்த்தலைவன் ஒருவன் ஐயுற்றான். துணைவருள் ஒருவரைப் பிணையாக விடுத்தே நைன் சிங் மேற்செல்ல நேர்ந்தது. அவரது வேடம் கலைந்திருப்பின் பிணையாக நின்றவர் நிலை யாதாகியிருக்கும்! எனினும் அவர் 16,000 அடிக்கு மேற்பட்ட தோக் ஜாலுங் பொற்சுரங்கத்தைக் கண்டார். அப்பயணத்திலேயே ஆலிங் காங்ரி என்னும் பனிமுடிக் கூட்டமும் புலப்பட்டது. அம்முடிகளில் அவர் ஏறினாரல்லர். ஓரிடத்தில் நின்று முடியின் திசையைக் குறித்துக்கொண்டு, எண்ணி நடந்து, வேறோரிடத்தினின்று மீண்டும் குறித்தால், அவ்விரு கோடுகளும் கூடுமிடமே அம்முடி நிற்குமிடம். நடந்த எண்ணிக்கை தவறின் படத்தில் மலையே இடம் பெயர்ந்துவிடும். குளிரிலும் அச்சத்திலும் அவர் எண்ணிக்கையைக் கைவிடாமைக்கு இதுவே காரணம்.

1874இல் லே நகரினின்று புறப்பட்டு, லாசா வழியாக 1875இல் அசாமை அடைந்தார். இலண்டன் அரச புவியியற் கழகம் 1877இல் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று. அதற்குள் அவர் கண்பார்வை குன்றியிருந்தது. நெடும்பயணங்களை விடுத்த பின், மலைநாட்டு இளைஞர்க்கு அளவைக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியராக மீண்டும் அமர்ந்தார்.