புன்னைக்காயலில் பிறந்த பாலர் புத்தகம்

தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் என்னும் கரையூர் உளது. கொற்கையும் காயலும் மண்மேடிட்டுத் தம் பெருமை இழந்த பின்னர், முத்துக் குளிப்பைக் கைக்கொண்ட போர்த்துகீசியருக்கு இவ்வூர் முக்கிய நிலையமாக விளங்கிற்று. தமிழெழுத்தில் அச்சேறி இன்று நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல்கள் பண்டிதரை நோக்கி எழுந்தவையல்ல; அரசரை நோக்கியும் எழுந்தவையல்ல. இக்கரையில் சிப்பி குளித்த பரவர் குடும்பங்களையும் அவர்தம் குழந்தைகளையும் நோக்கி எழுந்தவை. அவற்றை ஆக்கியவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் பாதிரியார். நம் நாட்டை ஆள வந்த கூட்டத்தின் கப்பலிலேயே அவரும் வந்தார். அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆயினும் தமிழ்க் குழந்தைகளின் புத்தகங்களைப் பற்றிப் பேசுவோர் அவரைத் தாண்டிச் செல்லுதல் இயலாது.

அவர் 1520-ல் போர்த்துகல் தேசத்து விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். யூத வமிசத்தினர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையினர் அவரைத் தங்களிடையே வைத்துக்கொள்ளவில்லை. பிறப்பினால் தாழ்த்தப்படுவது இன்னதென்பதை அனுபவித்த பின்னரே 1545-ல் இயேசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டு கோவா வந்து, 1547-ல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். 1549-ல் வேதாளையில் கிரிமினாலி பாதிரியார் கொல்லப்படவே, இக்கரைப் பணியின் தலைமை இவர்மீது விழுந்தது.

அக்காலத்துப் பாதிரிமாரிற் பலர் துபாஷியை அருகே வைத்துக்கொண்டே பிரசங்கம் செய்தனர். ஹென்றிக்கஸ் அதை ஒப்பவில்லை. வேற்றார் வாய்வழிச் சென்ற சொல் உள்ளத்தில் தங்காதென்று கருதி, இராப்பகலாய்த் தமிழ் பயின்றார். தம்மைப் போன்ற அந்நியர் பயிலுதற்கென இலக்கணம் ஒன்றும் போர்த்துகீஸ் பாஷையில் வரைந்தார். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நூலகத்தில் இருக்கிறது.

குழந்தைகளிடம் தொடங்கும் வழக்கம் அவருக்கு முன்னரே இக்கரையில் ஏற்பட்டிருந்தது. 1542-ல் வந்த சவேரியார் தெருத்தெருவாய் மணியடித்துச் சிறுவரைக் கூட்டி மந்திரங்களை ஓதுவித்தார். கற்றதை வீட்டில் தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் சொல்லிக்கொடுக்குமாறும் பணித்தார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளைமார் அப்பணியைத் தொடர்ந்து நடத்தினர். எனினும் வாய்ப்பாடம் வாய்க்கு வாய் திரியும். ஓலையில் எழுதிப் பல ஊர்களுக்குப் பரப்புவதோ பெருவேலை. அச்சினால் ஒரே பாடம் பிழையின்றி வீடுதோறும் சென்று சேரும் என்பதை ஹென்றிக்கஸ் உணர்ந்தார். தமிழெழுத்துகள் கோவாவிலும் பின்னர்க் கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. அச்சுச் செலவுக்குப் பொருள் தந்தவர் பரவர் மக்களே. தம் மக்கள் படிக்கும் புத்தகத்துக்குக் கடலோடிகள் தாமே பணம் கொடுத்தனர் என்னும் செய்தியை நம் பள்ளிச் சரித்திரங்கள் ஏனோ சொல்வதில்லை.

1578 அக்டோபர் 20-ந் தேதி கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். மனுவேல் தே சாம் பேத்ரு என்னும் குருவும் இவருடன் இருந்து அதைத் தமிழாக்கினார். அடுத்த ஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் அச்சாயிற்று. மார்க்கோஸ் ஜோர்ஜ் பாதிரியார் போர்த்துகீஸ் சிறுவருக்கென்றே, ஆசான் மாணவன் உரையாடலாக எழுதிய நூலின் தமிழ் வடிவம் அது. கேள்வியும் விடையுமாக அமைந்தமையால் ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல, வீட்டிலேயே பழகக்கூடிய புத்தகம். அச்செழுத்தில் புள்ளி இல்லை. எகர ஒகரக் குறில் நெடில் வேற்றுமையும் இல்லை. ஓலை படித்துப் பழகியோருக்கு அது இடராய் இராது. எழுத்துக்கூட்டும் குழந்தைக்கோ எவ்வளவு தொல்லை! 1586-ல் அடியார் வரலாறு வந்தது. 600 பக்கங்களுக்கு மேற்பட்ட இப்பெருநூல் புன்னைக்காயலிலேயே அச்சாயிற்று என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். முன்னவை மனப்பாடத்துக்கு உரியவை, இதுவோ கதை. ஒருவர் வாசிக்கச் சுற்றத்தார் அமர்ந்து கேட்டற்கேற்றது.

இவை மதத்தைப் பரப்ப எழுந்த நூல்கள் என்பதில் ஐயமில்லை. நம் பாட்டிமார் சொன்ன நரிக்கதைக்கும் அம்புலிப் பாட்டுக்கும் அவற்றில் இடமில்லை. குழந்தை சிரித்து விளையாட ஒரு வரியும் இல்லை. அக்குறையைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அவர் எந்தப் பாஷையில் கொடுத்தார் என்பதையும் நோக்குக. அதே போர்த்துகீசியக் கொடியின் கீழ் 1684-ல் கோவாவில் கொங்கணி பேசுதலையே ஒழிக்கச் சட்டம் பிறந்தது. 1835-ல் ஆங்கிலேயர் அந்நிய பாஷைக் கல்வியையே அரசாங்கக் கொள்கையாக்கினர். இவற்றிற்கெல்லாம் முன்னரே தாய்ப் பாஷையில்தான் குழந்தைக்குப் புத்தகம் தரவேண்டும் என்று ஓர் அந்நியர் அறிந்திருந்தார். தமிழ் வீடுகளில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கும் தகப்பனார் கை முதலில் ஆங்கிலப் புத்தகத்தை நாடுவதைக் காணும்போது, இவ்வந்நியருக்குத் தெரிந்தது நமக்கு ஏன் தெரியவில்லை என்று கேளாதிருக்க முடியவில்லை.

ஐம்பதாண்டுகளுக்கு மேல் இக்கரையிலேயே உழைத்து, தாய்நாடு திரும்பாமல், 1600-ல் புன்னைக்காயலில் அவர் காலமானார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். தம்பிரான் வணக்கத்தின் பிரதி அமெரிக்காவில் ஹார்வர்ட் கலாசாலையிலும், அடியார் வரலாற்றின் பிரதிகள் வத்திக்கானிலும் கோபன்ஹேகனிலும் உள்ளன. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்து 1967-ல் தூத்துக்குடியிலிருந்து அடியார் வரலாற்றை மறுபடி வெளியிட்ட பின்னரே, அது எவர்க்காக எழுதப்பட்டதோ அவர்தம் பேரப்பிள்ளைகள் கைக்கு அந்நூல் திரும்பி வந்தது.