மன்னிப்புத் தேடி வந்த சுவாமி

தோட்டத்துக் கோயிலுக்குச் சுவாமி மாதம் ஒருமுறை வரும்போது, பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நம்மில் பலர். சுவாமி வராத மாதம் எவ்வளவு நீளமாக இருந்தது! யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரோ ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் குருக்களைத் துரத்திய பின், பாவமன்னிப்பு அளிக்க அங்கே எவருமில்லை.

கோவாவில் 1651இல் பிறந்த புனித யோசப்வாஸ் அடிகளார் 1687இல் அங்கு வந்தார், கூலியாள் வேடத்தில். நோயால் மெலிந்த உடம்போடு, கழுத்தில் ஜெபமாலையோடு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். தேடியது சோற்றையல்ல, விசுவாசத்தை மறைத்து வாழ்ந்தவர்களை. அவர்களைக் கண்டுகொண்டதும், இரவில் பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பூசை வைத்தார்.

1692இல் கண்டியில் ஒற்றன் என்று சிறைவைக்கப்பட்டார். 1697இல் அங்கே அம்மைநோய் பரவி, சொந்தக்காரரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, மதம் பாராமல் அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். அவர் வாழ்வில் எமக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

1711 ஜனவரி 16இல் கண்டியில் காலமானார். சபரகமுவையில் தேயிலையும் றப்பரும் அப்போது இல்லை. 1995இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் நமது இரத்தினபுரியும் தனி மறைமாவட்டமானது. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக உயர்த்தினார். அந்தக் கூட்டத்தில் நம் பழைய மாணவியர் எத்தனை பேர் நின்றோமோ!