ஜான் எரிக்ஸன் சரித்திரம்

வீண்பழிக்குக் காரியத்தால் விடை கூறிய பெரியோருள் ஜான் எரிக்ஸன் ஒருவர். அவர் சரித்திரத்தை நம் அங்கத்தினருக்குச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

இவர் 1803-ம் வருஷம் ஸ்வீடன் தேசத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் யந்திர வேலை செய்து, 1839-ல் அமெரிக்கா சேர்ந்தார். திருகு விசிறியாற் செல்லும் 'பிரின்ஸ்டன்' என்னும் நீராவிப் போர்க்கப்பலை அந்நாட்டுக்கு வகுத்துக் கொடுத்தார். 1844-ல் அக்கப்பலில் ஒரு பீரங்கி வெடித்து, மந்திரிகள் இருவர் உள்ளிட்ட அறுவர் மாண்டனர். அப்பீரங்கி இவர் செய்ததன்று. ஆயினும் பழி இவர்மீது விழுந்தது. உழைப்புக்குரிய ஊதியமும் மறுக்கப்பட்டது.

பின்னர் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தென்னாட்டார் இரும்புக் கவசக் கப்பலொன்றைச் சித்தஞ்செய்யவே, வடநாட்டுக் கடற்படை இவரை நாடிற்று. மனத்தாங்கல் இருந்தும் இசைந்து, சுழலும் கோபுரத்தில் இரண்டு பீரங்கிகள் கொண்ட 'மானிட்டர்' கப்பலைச் சுமார் 100 நாட்களில் மிதக்கவிட்டார். 1862 மார்ச்சு 8-ல் தென்னாட்டாரின் 'வர்ஜீனியா' இரண்டு மரக்கப்பல்களை அழித்தது. மறுநாள் மானிட்டர் அதனைப் பல மணி நேரம் எதிர்த்துப் பொருது, எஞ்சிய கப்பல்களைக் காத்தது. அவ்வருஷ முடிவில் அது புயலில் மூழ்க, 16 பேர் உயிர் நீத்தனர்.

எரிக்ஸன் 1889-ல் நியூயார்க்கில் காலமானார். மறுவருஷம் அவர் உடலைப் போர்க்கப்பலொன்றில் ஏற்றித் தாய்நாடு சேர்ப்பித்தது, முன்பு ஊதியம் மறுத்த அக்கடற்படையே. நம் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக.