தாமதமாக வந்த பந்தெறியாளர்

தமிழ்ப்பள்ளியை முடித்த எனக்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிந்தது. எஸ்.டி.பி.எம். தேர்வை மறுமுறை எழுதியதில் இன்னோர் ஆண்டு போயிற்று. இன்று 22 வயதில் முதலாமாண்டு மாணவன் நான். நான் பட்டம் பெறுமுன் அப்பா பணி ஓய்வு பெற்றுவிடுவார். அந்தக் கணக்கு உறங்கவிடாத இரவுகளில்தான் ஹோயிட் வில்ஹெல்மைப் பற்றிப் படித்தேன்.

இவர் 1922இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வேகப்பந்து இவருக்குக் கைகூடவில்லை. டச் லெனார்ட் என்ற பேஸ்பால் வீரரைப் பற்றி நாளிதழில் படித்து, 'நக்கிள் பந்து' எறியப் பழகினார். விரல்நுனிகளால் பற்றிச் சுழலாதபடி எறிந்தால், பந்து காற்றில் தள்ளாடி வரும். அடிப்பவருக்கு மட்டுமன்று, பிடிப்பவருக்கும் அது எங்கே வருமென்று தெரியாது!

இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. பல்ஜ் போரில் காயமுற்றார். குண்டுச் சிதறல் உடலிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்து சிறு லீக்குகளில் பல ஆண்டுகள் காத்திருந்தார். 1952இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி அவரை அழைத்தபோது வயது 29.

அங்கே அவர் பணி, முதல் பந்தெறியாளர் களைத்ததும் இடையில் களமிறங்கி ஆட்டத்தைக் காப்பது. அந்த முதல் ஆண்டிலேயே 71 ஆட்டங்களில் இறங்கி, 15 வெற்றிகள் பெற்றார். மட்டையேந்திய முதல் முறையே ஹோம் ரன் அடித்தார். மொத்தம் 21 பருவங்கள் ஆடியும் இன்னொன்று அடிக்கவில்லை!

ஒன்பது அணிகளுக்கு மாறினார். 1958இல் யாங்கீஸ் அணிக்கு எதிராக முழு ஆட்டமும் எறிந்து, ஒரு 'ஹிட்' கூடக் கொடுக்கவில்லை. 1960இல் பால்டிமோர் அணியின் மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ், இவர் பந்தைப் பிடிப்பதற்கென்றே மிகப் பெரிய கையுறை ஒன்றைச் செய்வித்தார். 1972இல், ஐம்பது வயதை எட்டும் தறுவாயில், 1,070 ஆட்டங்களோடு விடைபெற்றார்.

அங்கீகாரமும் தாமதமாகத்தான் வந்தது. எட்டாவது வாக்கெடுப்பில், 1985இல், பேஸ்பால் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார். இடையில் களமிறங்கும் பந்தெறியாளருக்கு அந்தச் சிறப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை. 2002இல் காலமானார்.

நண்பர்களே, இவர் கதை என் இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தரப் போவதில்லை. அப்பாவின் ஓய்வையும் தள்ளிப்போடாது. ஆனால் ஆட்டத்தின் பாதியில் இறங்குபவருக்கும் எறிய வேண்டிய பந்துகள் உண்டு என்று காட்டியது. நாளை காலை எட்டு மணிக்கு விரிவுரை. நான் போகிறேன்.