கூடைப்பந்தைத் தந்தவர்

அமெரிக்காவில் பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்குக் கோடிக் கணக்கில் சம்பளம். ஆனால் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் அதை வைத்துப் பணம் சேர்க்கவில்லை. அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

அனாதைச் சிறுவன்

நெய்ஸ்மித் 1861-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி கனடா நாட்டில் பிறந்தார். அவருக்கு 9 வயது நடக்கும்போது, தாயும் தந்தையும் டைபாய்டு காய்ச்சலில் இறந்துவிட்டார்கள். தாய்மாமன் வளர்த்தார்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, நெய்ஸ்மித் காட்டில் மரம் வெட்டப் போனார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, மீண்டும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். மாண்ட்ரீல் நகரில் பட்டம் பெற்றார். பாதிரியார் வேலைக்கும் படித்தார். ஆனால் அவர் ஆனது உடற்பயிற்சி ஆசிரியர்! அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் வேலை.

14 நாள் கெடு

1891-ம் ஆண்டு குளிர்காலம். வெளியே ஒரே பனி. மாணவர்கள் கூடத்துக்குள் உடற்பயிற்சி செய்து அலுத்துப் போனார்கள். உள்ளே ஆடுவதற்குப் புது ஆட்டம் ஒன்றை 14 நாட்களில் கண்டுபிடிக்கும்படி மேலதிகாரி லூதர் குலிக் சொன்னார்.

நெய்ஸ்மித் யோசித்தார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால்தானே மற்றவர்கள் பாய்ந்து தள்ளுவார்கள்? எனவே, பந்துடன் ஓடக்கூடாது என்று வைத்தார். தலைக்கு மேலே உள்ள கூடையில் பந்தை ஓங்கி அடிக்க முடியாது, பக்குவமாகப் போடவேண்டும். எனவே, கூடையை உயரத்தில் வைத்தார்.

கட்டிடக் காவல்காரரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். கிடைத்தவை பீச் பழக்கூடைகள். அவற்றை 10 அடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். 13 விதிகள் எழுதினார். பக்கத்துக்கு 9 பேர் ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் கூடையில் விழுந்தது ஒரே ஒரு பந்து!

கம்பிக் கூண்டு

ஆட்டம் வேகமாகப் பரவியது. கூடவே முரட்டுத்தனமும் வந்தது. சில ஒய்.எம்.சி.ஏ. கூடங்களில் ஆட்டத்துக்குத் தடை போட்டார்கள்.

டிரெண்டன் நகரத்து ஆட்டக்காரர்கள் 1896-ம் ஆண்டு ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் கட்டணம் வாங்கினார்கள். செலவு போக மிச்சத்தைப் பங்கு போட்டார்கள். ஆளுக்கு 15 டாலர் கிடைத்தது என்று சொல்லப்படுகிறது.

பணத்துக்கு ஆடும் கூடைப்பந்து இப்படித்தான் பிறந்தது. ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பி வேலி. உள்ளே ஒரே மோதல்! அடிதடி கூடாது என்று பிறந்த ஆட்டம், கூண்டுக்குள் போய்விட்டது. 1898-ல் முதல் தொழில் லீக் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது கலைந்தும் போனது.

ஆசிரியராகவே இருந்தார்

அதே 1898-ல் நெய்ஸ்மித் டாக்டர் பட்டம் பெற்று, கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். விளையாட்டு, பிள்ளைகளின் உடலையும் குணத்தையும் வளர்ப்பதற்கே என்பது அவர் எண்ணம். ஓய்வு பெறும்வரை ஆசிரியராகவே இருந்தார்.

1936-ம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது. அதைப் பார்க்க நெய்ஸ்மித் போவதற்குப் பயிற்சியாளர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இறுதி ஆட்டத்தில் மோதியவை அவர் பிறந்த கனடாவும், வாழ்ந்த அமெரிக்காவும். கொட்டும் மழையில் அமெரிக்கா 19-8 என்று வென்றது.

1939-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி நெய்ஸ்மித் காலமானார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1946-ல், இன்று என்.பி.ஏ. எனப்படும் பெரிய லீக் தோன்றியது. பணம் குவிந்தது.

பழக்கூடை மாட்டிய ஸ்பிரிங்பீல்டு நகரில் இன்று அவர் பெயரால் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. புகழ்பெற்ற ஆட்டக்காரர்களுக்கு அங்கே இடம் கிடைப்பதுதான் பெரிய கவுரவம்.